பின்னேரத்துக்கு எந்த வெளிச்சம்? வாசகர் கேள்வி-பதில்

வீட்டு லைட் பற்றி இந்த மாதம் நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. அநேகமானவை கொழும்பிலிருந்து, அதிலும் தொடர்மாடிகளில் இருப்பவர்களிடமிருந்து. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து ஒன்றாகப் பதில் எழுதியிருக்கிறேன். வயறிங் தொடங்க முன்னர் எந்த அறையில் எந்த லைட் எங்கே வரவேண்டும் என்று வரைந்து கொடுப்பதுதான் என் தொழில். அதனால் ஒவ்வொரு கடிதத்தையும் வாசிக்கும்போது அந்த வீட்டுச் சீலிங் எனக்குக் கண்ணில் தெரிந்தது.

கேள்வி: அக்கா, கடற்கரைப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில் புதுத் தொடர்மாடி வீட்டுக்கு வந்திருக்கிறோம். ஹோலில் எட்டு டவுன்லைட், ஒவ்வொன்றும் 12 வோட்ஸ், எல்லாம் நல்ல வெள்ளை. வந்து பார்த்தவர்கள் எல்லோரும் "பளிச்சென்று இருக்கு" என்றார்கள். ஆனால் இரவுச் சாப்பாடு முடிந்தால் ஒருவரும் ஹோலில் இருப்பதில்லை. அவருக்குத் தலை பாரமாக இருக்கிறதாம். பிள்ளைகள் போனோடு அறைக்குள் போய்விடுகிறார்கள். பழைய வாடகை வீட்டில் பத்து மணி வரைக்கும் இருந்து கதைத்த குடும்பம் நாங்கள். லைட்டுக்கும் இதற்கும் தொடர்பு இருக்குமா?
(வாசகி, வெள்ளவத்தை)

பதில்: இருக்கிறது தங்கச்சி. நிறையவே இருக்கிறது.

கணக்கை முதலில் பார்ப்போம். 12 வோட்ஸ் எல்.ஈ.டி. டவுன்லைட் ஒன்று ஏறத்தாழ 1000 லுமென் வெளிச்சம் தரும். எட்டும் எரிந்தால் 8000. அம்மா அப்பா காலத்து 60 வோட்ஸ் குண்டு பல்ப் தந்தது 700, 800 லுமென்தான். ஆகவே உங்கள் ஹோலில் ஒவ்வொரு இரவும் பத்துக் குண்டு பல்ப் ஒன்றாக எரிகின்றன. ஹோல் பதினைந்துக்குப் பன்னிரண்டு அடி என்று வைத்துக்கொண்டால், சுவரும் தரையும் விழுங்குவது போக, கந்தோர் மேசைக்கு வேண்டிய 300 லக்ஸ் (ஒரு சதுர மீற்றர் பரப்பில் விழும் லுமென் கணக்குத்தான் லக்ஸ்) அளவுக்கு வந்துவிடும். பகல் முழுக்கக் கந்தோரில் இருந்துவிட்டு வரும் மனிதர் வீட்டிலும் கந்தோர் வெளிச்சத்திலேயே இருக்கிறார்.

அடுத்தது நிறம். பல்ப் பெட்டியின் பக்கத்தில் 6500 கெல்வின் என்றோ "டேலைட்" என்றோ அச்சடித்திருக்கும். வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவுதான் கெல்வின். விளக்குச் சுடர் 1900 கெல்வின் அளவில் இருக்கும். குண்டு பல்ப் 2700. மத்தியான வெயில் 5500 பக்கம். மப்புப் போட்ட பகல் வானம் 6500. எண் ஏற ஏற நீலம் கூடும், இறங்க இறங்க மஞ்சள் கூடும். கடையில் நின்று எதையும் மறந்தாலும் இதை மட்டும் மறக்க வேண்டாம்.

நீலம் கூடினால் உடம்புக்கு என்ன? நம் கண்ணின் உட்திரையில் பார்வைக்கான கலங்களோடு, இது பகலா இரவா என்று மூளைக்குச் சொல்வதற்கென்றே வேறொரு வகைக் கலங்களும் இருக்கின்றன. அவற்றில் மெலனொப்சின் என்ற நிறமி உண்டு. 480 நனோமீற்றர் அளவிலுள்ள நீல வெளிச்சம் பட்டால் அது நன்றாகத் தூண்டப்படும். இந்தக் கலங்கள் தாமாகவே வெளிச்சத்தை உணர்கின்றன என்பது 2002ஆம் ஆண்டில்தான் தெளிவானது. இவை "இன்னும் பகல்தான்" என்று செய்தி அனுப்பினால், நித்திரைக்கு உடம்பைத் தயார்ப்படுத்தும் மெலடோனின் சுரப்பது பிந்தும். கொழும்பு இருப்பது பூமத்திய ரேகைக்கு ஏழு பாகை வடக்கே. வருடம் முழுக்க இங்கே ஆறு, ஆறரைக்குள் பொழுது பட்டுவிடும். வெளியே இருட்டி மூன்று மணித்தியாலம் கழிந்த பிறகும் உங்கள் ஹோலில் மத்தியானம்தான்.

ஆனாலும் உங்கள் வீட்டுக்காரரின் தலைபாரத்துக்கு முதற்காரணம் கண்கூச்சம் என்றுதான் நான் நினைக்கிறேன். இன்று இரவு அவர் இருக்கும் இடத்தில் நீங்கள் இருந்து, செற்றியில் தலையைச் சாய்த்துப் பாருங்கள். நேரே கண்ணுக்குள் ஒரு லைட் விழும். அதைத் தவிர்க்கத் தெரியாமலேயே நெற்றியைச் சுருக்கிக்கொண்டு இருப்போம். இன்னொன்று, மேலேயிருந்து செங்குத்தாக விழும் வெளிச்சத்தில் கண்குழி இருண்டு மூக்கின் கீழ் நிழல் விழும். எதிரே இருப்பவரின் முகம் வருத்தக்காரர் முகம் போலத் தெரியும். அப்படியொரு முகத்தைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் கதைக்க மனம் வராது. போன் திரை அதைவிட வடிவாகத்தான் இருக்கும்.

செலவில்லாத வேலையை முதலில் செய்யுங்கள். எட்டும் ஒரே சுவிச்சிலா, இரண்டு சுவிச்சிலா என்று பாருங்கள். இரண்டென்றால் செற்றிக்கு மேலே இருப்பவற்றை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அணைத்துவிடுங்கள். சில டவுன்லைட்டுகள் மூன்று நிற வகை: சுவிச்சை ஒருமுறை அணைத்து உடனே போட்டால் வெள்ளையிலிருந்து மஞ்சளுக்கு மாறும். புதுத் தொடர்மாடி என்பதால் உங்களுடையவை அந்த வகையாகவும் இருக்கலாம். போட்டுப் பாருங்கள்.

அதன் பிறகு இரண்டு விளக்கு வாங்குங்கள். ஒன்று செற்றிக்குப் பக்கத்தில் நிற்கும் தரை விளக்கு, மற்றது எதிர் மூலையில் ஒரு மேசை விளக்கு. இரண்டுக்கும் 2700 கெல்வின், 5 முதல் 7 வோட்ஸ் பல்ப். விளக்குக் கூட்டின் கீழ் விளிம்பு, இருந்து கதைக்கும் ஆளின் கண் உயரத்துக்கு வரவேண்டும். அப்போதுதான் பல்ப் கண்ணில் படாமல் வெளிச்சம் மட்டும் மடியிலும் சுவரிலும் விழும். இங்கே வீட்டு ஹோல்டர்கள் பெரும்பாலும் பின் வகை. கடையில் விற்கும் மேசை விளக்குகளில் பல திருகு வகை. பல்ப் வாங்க முன்னர் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த இடத்தில் வைப்பது என்று தெரியாவிட்டால், 2022இல் நாளுக்கு எத்தனையோ மணித்தியாலம் கரண்ட் வெட்டிய காலத்தில் வாங்கிய சார்ஜ் லைட் அலுமாரிக்குள் கிடக்கும். அதை எடுத்து, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி, ஒவ்வொரு மூலையிலும் வைத்துப் பாருங்கள். அதன் நிறம் சரிவராது. ஆனால் சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தில் ஹோல் எப்படி இருக்கும் என்பது அந்த நிமிடமே விளங்கும்.

கேள்வி: நான் மஞ்சள் லைட் போடலாம் என்றால் மாமி விடுகிறா இல்லை. "வீடு இருண்டு கிடந்தால் லட்சுமி எப்படி வருவா" என்கிறா. அவவின் மனம் நோகாமல் என்ன செய்யலாம்?
(மருமகள், கொட்டாஞ்சேனை)

பதில்: மாமி சொல்வதில் ஒரு வாழ்க்கை அனுபவம் இருக்கிறது. அதைத் தள்ளிவிடாதீர்கள். டியூப் லைட் வீடுகளுக்கு வந்தபோது, 40 வோட்ஸ் டியூப் ஒன்று அதே 40 வோட்ஸ் குண்டு பல்பைவிட ஐந்து மடங்குக்கும் மேலான வெளிச்சம் தந்தது. அதற்கு முன்னர், வோல்டேஜ் குறையும் நேரத்தில் குண்டு பல்பின் இழை சிவந்து, பக்கத்தில் இருப்பவரின் முகம்கூடத் தெரியாது. ஊரில் பின்னேரங்களை அப்படிக் கழித்த ஒருவருக்கு மஞ்சள் என்றால் மங்கல், வெள்ளை என்றால் வசதி. அது மனதில் பதிந்துதான் இருக்கும்.

ஆனால் எல்.ஈ.டி. வந்த பிறகு நிறமும் அளவும் தனித்தனி விஷயம். 2700 கெல்வினில் 1000 லுமென் பல்ப் கிடைக்கும், 6500லும் 1000 லுமென் கிடைக்கும். இரண்டும் தரும் வெளிச்சம் ஒன்றுதான். ஆகவே மாமியிடம் கேட்காமல் குறைந்த வோட்ஸ் மஞ்சள் பல்ப் ஒன்றைப் போட்டு, "பாருங்கள், இருட்டாக இல்லை" என்று வாதாட வேண்டாம். முதலில் 3000 கெல்வினில் நல்ல லுமென் உள்ள ஒன்றைப் போடுங்கள். பெட்டியில் சி.ஆர்.ஐ. என்று ஓர் எண் இருக்கும். நிறங்களை எவ்வளவு உள்ளபடி காட்டும் என்பதற்கான அளவு அது. சாதாரண பல்ப்களில் 80, நல்லவற்றில் 90க்கு மேல். 80க்கும் கீழேயுள்ள மலிவு வெள்ளை லைட்டில் சிவப்புகள் செத்துப்போகும், எங்கள் மாநிறத் தோல் சாம்பல் பூத்தது மாதிரித் தெரியும். 90 உள்ள மஞ்சள் லைட்டில் மாமியின் குங்குமமும் கூறைச் சேலையின் சிவப்பும் இருக்கிறபடியே தெரியும். கண்ணாடியின் முன்னால் மாமியைக் கூட்டிக்கொண்டுபோய் இரண்டையும் போட்டுக் காட்டுங்கள். பேச்சு தேவைப்படாது.

அவ ஒவ்வொரு நாளும் ஆறு மணிக்கு ஏற்றும் விளக்கின் சுடர்தான் அந்த வீட்டிலுள்ள எல்லா வெளிச்சத்திலும் மஞ்சள் கூடியது. அந்த நேரத்தில் வாசல் லைட், ஹோல் லைட் எல்லாவற்றையும் போடுங்கள். வீடு நிறைந்து இருக்கட்டும். இரவுச் சாப்பாடு முடிந்து மாமி நாடகம் பார்க்க உட்காரும்போது ஒவ்வொன்றாக அணைத்து வாருங்கள். ரீவிக்குப் பின்னால் ஒரு சின்ன விளக்கு எரிந்தால், இருட்டில் திரை மட்டும் பளீரென்று அடித்துக் கண்ணை நோகப்பண்ணாது.

கேள்வி: ஹோலில் இருந்தால் ஏதோ மினுங்குவது மாதிரி ஓர் உணர்வு. மற்றவர்களுக்குத் தெரியவில்லையாம். எனக்குத் தலையிடி வருகிறது. கண் டாக்டர் கண்ணில் ஒரு பிழையும் இல்லை என்கிறார்.
(வாசகர், தெஹிவளை)

பதில்: நீங்கள் கடிதத்தோடு அனுப்பிய படத்தைப் பார்த்ததும் ஒரு காரணம் விளங்கிவிட்டது. சீலிங் ஃபேனுக்கு நேர் மேலே, சிலாப்போடு ஒட்டினாற்போல் இரண்டு டவுன்லைட். ஃபேன் இறக்கை ஒவ்வொரு முறையும் வெளிச்சத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. மூன்று இறக்கை, நிமிடத்துக்கு 200 சுற்று என்றால் ஒரு செக்கனுக்குப் பத்துத் தடவை நிழல் அடிக்கும். ஃபேன் இல்லாமல் கொழும்பில் இருக்க முடியாது. ஆகவே லைட்தான் நகர வேண்டும். இறக்கை சுற்றும் வட்டத்துக்கு வெளியே, அதிலும் ஒன்றரை அடியாவது தள்ளி லைட் வரவேண்டும் என்று நான் ஒவ்வொரு பிளானிலும் எழுதிக் கொடுக்கிறேன். சீலிங் அடிக்கும் பாஸ்மார் சமச்சீராக வரட்டும் என்று திரும்பவும் நடுவுக்கே கொண்டுவந்துவிடுகிறார்கள். புது வீடு கட்டுபவர்கள் தயவுசெய்து கூடவே நின்று பாருங்கள். உங்களுக்கு இப்போதைக்கு அந்த இரண்டையும் கழற்றி மூடிவிடுவதே சுகம். சுவர் விளக்கு ஒன்று போதும்.

இரண்டாவது காரணமும் இருக்கலாம். எங்கள் கரண்ட் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். அதனால் மலிவான லைட்டுகள் செக்கனுக்கு 100 தடவை கூடிக் குறையும். சோக், ஸ்டாட்டர் போட்ட பழைய டியூப்பிலும் இது இருந்தது. கண் அதைத் தனியாகப் பிரித்துக் காணாது. ஆனால் சிலருக்குத் தலையிடியும் களைப்பும் அதனால் வரும், முக்கியமாக ஒற்றைத் தலையிடிக்காரருக்கு. நல்ல எல்.ஈ.டி.யில் உள்ளே இருக்கும் டிரைவர் என்ற மின்பாகம் இந்த ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்திவிடும். மலிவானவற்றில் அந்தப் பாகத்தில்தான் கை வைப்பார்கள். போன் கமராவை ஸ்லோ மோஷனில் போட்டு லைட்டை எடுத்துப் பாருங்கள், படம் துடித்தால் அந்த லைட் சரியில்லை. போன் இல்லாவிட்டால் லைட்டின் கீழ் ஒரு பென்சிலை வேகமாக ஆட்டுங்கள். ஒரே வீச்சாகத் தெரியாமல் பத்துப் பென்சில் தனித்தனியாகத் தெரிந்தால் அதுவும் இதே அறிகுறி.

வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் சுவிச் பூட்டியிருந்தால், பல்ப் பெட்டியில் "டிம்மபிள்" என்று எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். அப்படி எழுதாத பல்பை டிம்மரில் போட்டால் துடிக்கும், இரையும், கெதியில் பழுதாகும்.

கேள்வி: அம்மாவுக்கு 78 வயது. இரவில் இரண்டு மூன்று முறை பாத்ரூம் போக எழும்புவா. பழைய வீடு, அறையிலிருந்து விறாந்தையால் நடந்துதான் போகவேண்டும். டியூப் லைட்டைப் போட்டால் பிறகு நித்திரை வரவில்லை என்று இருட்டிலேயே போகிறா. போன மாதம் தடக்கி விழப் பார்த்தா. பயமாக இருக்கிறது.
(மகன், ஜிந்துப்பிட்டி)

பதில்: தம்பி, இந்தக் கடிதத்துக்குத்தான் முதலில் பதில் எழுதினேன். இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

அம்மா சொல்வது முழுக்க உண்மை. இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக இருபது, முப்பது நிமிடம் எடுக்கும். நடுச்சாமத்தில் டியூப்பைப் போட்டதும் அது கலைந்துபோகும், முதல் சில நொடி அவவுக்கு ஒன்றுமே தெரியாது. அணைத்த பிறகு மறுபடியும் குருடு. அதோடு மூளைக்கும் விடிந்துவிட்டது என்ற செய்தி போய்விடுகிறது. இருட்டில் நடந்தாலோ விழுவா. அவ இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டிருக்கிறா.

வயது போனால் கண்மணி சுருங்கும், வில்லை மஞ்சளாகும். 60 வயதில் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சம், 20 வயதில் போவதில் மூன்றில் ஒரு பங்கு மட்டில்தான். கூச்சத்திலிருந்து மீளவும் கூடுதல் நேரம் வேண்டும். ஆகவே இரவில் அவவுக்குப் பெரிய வெளிச்சம் ஒன்றும் வேண்டாம். கால் வைக்கும் இடம் தெரிந்தால் போதும்.

கட்டிலிலிருந்து பாத்ரூம் கதவு வரைக்கும் அவவின் வழியை ஒருமுறை நடந்து பாருங்கள். கணுக்கால் உயரத்தில், சுவரின் அடியில், சின்ன மஞ்சள் விளக்குகள் மூன்று வேண்டும்: கட்டிலுக்குக் கீழே ஒன்று, விறாந்தை திரும்பும் இடத்தில் ஒன்று, பாத்ரூம் படிக்குப் பக்கத்தில் ஒன்று. ஆள் அசைந்தால் தானாக எரியும் வகை கடைகளில் இருக்கிறது. பற்றரியில் எரிபவையும் உண்டு. வயர் இழுக்க வேண்டியதில்லை. அரை வோட்ஸ், ஒரு வோட்ஸ் போதும். நிறம் செம்மஞ்சள் பக்கமாக இருக்கட்டும். வெள்ளையும் நீலமும் வேண்டவே வேண்டாம். கட்டிலுக்குக் கீழே வைப்பதைச் சட்டத்தின் உட்புறமாக ஒட்டுங்கள். அவ காலைத் தரையில் வைக்கும்போது எரிய வேண்டும், புரண்டு படுக்கும்போது எரியக்கூடாது.

பழைய ஜிந்துப்பிட்டி வீடு என்றால் விறாந்தைக்கும் பாத்ரூமுக்கும் இடையில் ஒரு படி இறக்கம் நிச்சயம் இருக்கும். அந்தப் படியின் ஓரத்தில் இரண்டு அங்குல அகலத்துக்கு வெள்ளைப் பெயின்ட் கோடு ஒன்று அடித்துவிடுங்கள். சிவப்புச் சீமெந்துத் தரையில் அந்தக் கோடு சின்ன வெளிச்சத்திலும் எடுப்பாகத் தெரியும். மினுமினுப்பான டைல்ஸ் போட்டிருந்தால் விளக்கின் பிரதிபலிப்பு அவவுக்குத் தண்ணீர் நிற்பது போலத் தோன்றித் தயங்கவைக்கும். அப்படியென்றால் விளக்குக்கு முன்னால் ஒரு சின்ன மறைப்பு வையுங்கள். பாத்ரூமுக்குள் பெரிய லைட் இருக்கிறபடி இருக்கட்டும், பகலில் குளிக்கும்போது அவவுக்கு அது தேவை.

கேள்வி: எங்கள் வீட்டில் இருட்டுத்தான் பிரச்சினை. யன்னலைத் திறந்தால் நாலடியில் பக்கத்துக் கட்டடத்துச் சுவர். பகல் பதினொரு மணிக்கும் லைட் போட்டுத்தான் இருக்கிறோம். நாள் முழுக்க ஒரு சோம்பல்.
(வாசகி, பம்பலப்பிட்டி)

பதில்: பகல் வெளிச்சம் குறைந்தால் பின்னேரமும் கெடும். இதைப் பலர் கவனிப்பதில்லை. பகலில் நல்ல வெளிச்சம் கண்ட கண், இரவு லைட்டால் அவ்வளவு குழம்பாது. பகல் முழுக்க மங்கலில் இருந்தவருக்கு இரவில் ஒரு சாதாரண லைட்டும் கூடுதலாக வேலை செய்யும். மப்பான நாளில்கூட வெளியே 10,000 லக்ஸ் வரைக்கும் இருக்கும். உங்கள் ஹோலில் 100 இருந்தாலே பெரிய காரியம்.

அந்தப் பக்கத்துச் சுவர் என்ன நிறம்? பாசி பிடித்த சாம்பல் என்றால், அந்தக் கட்டடத்து முகாமைக் குழுவிடம் கேட்டு உங்கள் செலவிலாவது வெள்ளை அடியுங்கள். உங்கள் வீட்டுக்குள் எதை மாற்றுவதைவிடவும் இது கூடப் பலன் தரும். மேலேயிருந்து இறங்கும் வானத்து வெளிச்சத்தை உங்கள் யன்னலுக்குத் திருப்பி அனுப்புவது அந்தச் சுவர்தான். கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா கொழும்பு 3இல், 33ஆம் ஒழுங்கையில் வாழ்ந்த வீட்டைப் போய்ப் பாருங்கள், பார்வையாளர்களை விடுகிறார்கள். நெருக்கமான ஒழுங்கையில் நாலு சிறு வீடுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துச் செய்த வீடு அது. வீதிப் பக்கம் பெரிய யன்னல்களை எதிர்பார்த்துப் போகாதீர்கள். உள்ளே நடை முடியும் இடங்களில் வானத்துக்குத் திறந்த சின்னச் சின்ன முற்றங்கள், அவற்றைச் சுற்றி வெள்ளைச் சுவர், வெள்ளைத் தரை. வெளிச்சம் சுவரில் தட்டித் தட்டி உள்ளே வருகிறது. நான் அங்கே நின்றபோது பகல் பன்னிரண்டு மணி, வெளியே வெயில் கொளுத்துகிறது. உள்ளே கண்ணைச் சுருக்காமல் ஒவ்வொரு சாமானையும் பார்க்கக்கூடியதாக இருந்தது. இட நெருக்கடிக்குள்ளும் வெளிச்சத்தை எப்படி அழைத்து வரலாம் என்று அறிய இந்த நகரத்தில் அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

உங்கள் பக்கத்தில் செய்யக்கூடியவை: யன்னல் கண்ணாடியில் கறுப்பு ஃபில்ம் ஒட்டியிருந்தால் உரித்துவிடுங்கள், அந்த நாலடி இடுக்கில் வெயில் அடிக்கப்போவதில்லை. கனத்த திரைக்குப் பதில் மெல்லிய வெள்ளைத் துணி. யன்னலுக்குப் பக்கவாட்டுச் சுவரில், முன்னால் இல்லை, பக்கவாட்டில், ஓர் உயரமான கண்ணாடி. பகலில் போடும் லைட்டுக்கு 4000 கெல்வின் நல்லது. அங்கே வெள்ளை பிழையில்லை. காலையில் மட்டும் எப்படியாவது வெளியே வாருங்கள். உங்கள் வீட்டிலிருந்து மரைன் டிரைவ் நடை தூரம். ஏழு மணிக்கு அரை மணித்தியாலம் கடலைப் பார்த்து நடந்தால், அந்த ஹோலில் நாள் முழுக்கக் கிடைக்கும் வெளிச்சத்தைவிடக் கூடுதலாகக் கண்ணுக்குக் கிடைத்துவிடும்.

கேள்வி: நான் உயர்தரப் பரீட்சை எடுக்கும் மாணவி. இரவு பன்னிரண்டு வரைக்கும் படிக்கிறேன். மஞ்சள் லைட்டில் படித்தால் கண் பழுதாகிவிடும் என்கிறார்கள். உண்மையா?
(மாணவி, வத்தளை)

பதில்: மஞ்சளாலும் பழுதாகாது, மங்கல் வெளிச்சத்தாலும் நிரந்தரமாகப் பழுதாகாது பிள்ளை. ஆனால் மங்கலில் கண் கெதியாகக் களைக்கும், தலையிடிக்கும், வாசித்த வரியையே திரும்ப வாசிக்க வேண்டி வரும். புத்தகத்தின் மேல் 500 லக்ஸ் வேண்டும். அதற்கு மேசை விளக்கு ஒன்றே போதும், 8 வோட்ஸ் அளவில், 4000 கெல்வின். வலக்கையால் எழுதுகிறாய் என்றால் விளக்கு இடப்பக்கம் இருக்க வேண்டும், கையின் நிழல் எழுத்தில் விழாது. அறை லைட்டை முழுக்க அணைத்துவிட்டு இருட்டுக்குள் ஒரு வட்ட வெளிச்சத்தில் படிக்காதே. தலை நிமிரும் ஒவ்வொரு முறையும் கண் இருட்டுக்கும் வெளிச்சத்துக்குமாக மாற வேண்டியிருக்கும். பின்னால் ஒரு சின்ன லைட் எரியட்டும்.

பதினொரு மணிக்குப் பிறகு மேசை விளக்கை 2700க்கு மாற்ற முடிந்தால் மாற்று. நிறம் மாற்றும் மேசை விளக்குகள் இப்போது சாதாரணமாகக் கிடைக்கின்றன. பன்னிரண்டுக்குப் படுத்து ஒன்றரை வரைக்கும் நித்திரை வராமல் புரண்டால் அந்தப் படிப்பால் பலனில்லை. சனி ஞாயிறுகளில் டியூஷன் மண்டபத்துக்குள்ளேயே நாள் போகும் என்று எனக்குத் தெரியும். இடைவேளையில் மட்டும் வெளியே வந்து நில். வெளி வெளிச்சத்தில் அதிக நேரம் இருக்கும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வருவது குறைவு என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வீட்டில் தம்பி தங்கச்சி இருந்தால் அவர்களையும் பின்னேரத்தில் விளையாட விடச் சொல்.

கேள்வி: ஆஸ்பத்திரியில் இரவு டியூட்டி. காலையில் வந்து படுத்தால் நித்திரை இல்லை.
(தாதி, மருதானை)

பதில்: டியூட்டி முடிந்து வரும் வழியில் கறுப்புக் கண்ணாடி போடுங்கள், பஸ்ஸுக்குள்ளும் கழற்றாதீர்கள். காலை வெயில்தான் உடம்பை எழுப்புகிறது. அறை யன்னலுக்குத் தடித்த இருட்டுத் துணி, ஓரங்களில் சுவரோடு ஒட்டியபடி. அது முடியாவிட்டால் கண்ணுக்கு மேல் ஒரு துணிப் பட்டி. டியூட்டி தொடங்கும் நேரத்தில் வார்ட்டில் நல்ல வெளிச்சத்தில் நில்லுங்கள், முடியும் தறுவாயில் குறைத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு வாரம் நேரம் மாறுகிறது என்றால் இதனால் முழுச் சுகம் கிடைக்காது. இருந்தாலும் ஒன்றிரண்டு மணித்தியால நித்திரை கூடும்.

கேள்வி: வாடகை வீடு. படுக்கையறையில் சீலிங்கில் ஒரே ஒரு வெள்ளை லைட், சுவிச் கதவுக்குப் பக்கத்தில். வயர் இழுக்க வீட்டுச் சொந்தக்காரர் சம்மதிக்கமாட்டார். மகன் தன் அறையில் நீல நிற ஸ்ட்ரிப் லைட் ஒட்டப் போகிறானாம். இரண்டு அறைக்கும் என்ன செய்யலாம்?
(வாசகி, கிரிலப்பனை)

பதில்: மகனிடம் நீலம் வேண்டாம் என்று சொல்லுங்கள். மேலே சொன்ன 480 நனோமீற்றருக்கு மிகக் கிட்ட இருப்பது அந்த நிறம்தான்; படுக்கும் நேரத்துக்கு அதைவிடக் கெடுதலான நிறம் இல்லை. ஸ்ட்ரிப் வேண்டுமென்றால் மஞ்சள் வகையை, கட்டிலின் தலைமாட்டுக்குப் பின்னால், பல்ப் புள்ளிகள் தெரியாதபடி ஒட்டட்டும். அது உண்மையிலேயே வடிவாக இருக்கும். சிவப்பும் பரவாயில்லை.

2022இல் ஒளி, நித்திரை ஆராய்ச்சியாளர்கள் பலர் சேர்ந்து ஒரு பரிந்துரை வெளியிட்டார்கள். நீலப் பகுதிக்குக் கூடுதல் எடை கொடுத்துக் கணிக்கும் ஒரு லக்ஸ் அளவு அதில் பயன்படுகிறது. கண்ணுக்கு வரும் வெளிச்சம் பகலில் 250க்குக் குறையக்கூடாது, படுக்க முன்னர் மூன்று மணித்தியாலம் 10க்கு மேல் போகக்கூடாது, நித்திரையில் 1க்கு மேல் போகக்கூடாது. சீலிங்கில் எரியும் அந்த ஒரு வெள்ளை லைட்டில் இந்தப் 10 எந்த வகையிலும் வராது. சுவரைப் பார்த்து வைத்த 4 வோட்ஸ் மஞ்சள் விளக்கில் வரும்.

ஆகவே உங்கள் அறைக்குக் கட்டில் சட்டத்தில் கவ்வும் வகை விளக்கு ஒன்று, 2700 கெல்வின், 4 வோட்ஸ், பிளக் பொயின்ட்டில் சொருகுவது. சுவரில் ஆணியும் வேண்டாம், வீட்டுச் சொந்தக்காரரின் சம்மதமும் வேண்டாம். படுத்தபடி பார்க்கும்போது பல்ப் கண்ணுக்குத் தெரியாத கோணத்தில் திருப்பி வையுங்கள். எட்டரை மணிக்குப் பிறகு அறைக்குள் போகும்போது சீலிங் லைட்டைத் தொடாமல் இதைப் போட்டுப் பழகுங்கள். வாங்கும்போது வயரிலேயே சுவிச் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். நுளம்பு வலையைத் தூக்காமல், படுத்த இடத்திலிருந்தே கைக்கு எட்ட வேண்டும். வயரைக் கட்டில் காலோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள், விளக்கின் தலை வலையில் படாதபடி அரை அடியாவது தள்ளி இருக்கட்டும்.